சத்தம் இருக்கு, இழுவை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நெல்லித்தோப்பில் என் பட்டறைக்கு வருகிற வண்டி காலையில் எங்கே போயிருந்தது என்பதை மட்கார்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மணல் ஒட்டியிருந்தால் வீராம்பட்டினம் பக்கம். காய்ந்த களிமண் என்றால் ஊசுட்டேரியை ஒட்டிய வயல்வெளி. தேய்த்துக் கழுவினாலும் போகாத சிவப்பாக அப்பியிருந்தால், பையன் பொம்மையார்பாளையத்துக்கு மேலே ஆரோவில் மேட்டுநிலத்தில், மழை அறுத்துப் போட்ட ஓடைகளுக்குள் இறங்கி ஏறிப் பார்த்திருக்கிறான். வண்டி அநேகமாக யமாஹா ஆர்.எக்ஸ். 100 அல்லது 135 ஆக இருக்கும். பின்சக்கரத்தில் பட்டன் டயர், தூக்கிக் கட்டிய முன் மட்கார்டு, அகலமான ஹேண்டில்பார். பார்ப்பதற்குக் காட்டுவண்டிதான்.

குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"ண்ணா, ரோட்ல பறக்குது. மேட்டுல ஏத்துனா பாதியில ஆஃப் ஆயிடுது. அடியில இழுக்கவே மாட்டேங்குது."

"சைலன்சர் என்ன ஆச்சு?"

"உள்ள இருக்கற குழாய எடுத்துட்டோம்ண்ணா. பெரிய கார்புரேட்டர் போட்டிருக்கு. போர்ட்டும் வெட்டியிருக்கு."

"அப்புறம் எப்படித் தம்பி அடியில இழுக்கும்?"

இந்தப் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. காசு போட்டுச் செய்த மூன்று வேலையும் வண்டியின் சக்தியைக் கூட்டத்தான் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். கூட்டியதும் உண்மைதான். ஆனால் கூட்டிய இடம் வேறு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சக்தியை எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி ஏற்ற முடியாது. மேலே ஏற்றினால் கீழே குறையும், கீழே சேர்த்தால் மேலே கொஞ்சம் போகும். தார் ரோட்டில் நான்காவது கியரில் பறக்கிறவனுக்கு வேண்டிய இடம் ஒன்று. செம்மண் மேட்டில் இரண்டாவது கியரில் பாதி முறுக்கில் ஊர்ந்து ஏறுகிறவனுக்கு வேண்டிய இடம் இன்னொன்று. ஒரே வண்டியை இரண்டுக்கும் கேட்கிறார்கள்.

இதை விளக்க நான் எடுத்துக்காட்டுவது ஆர்.எக்ஸை அல்ல, டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பரை. 69.9 சி.சி., மூன்றரைக் குதிரைத்திறன். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அதன் உச்ச இழுவையான 5 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 3750 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஆர்.எக்ஸ். 100க்கு உச்ச இழுவை சுமார் 10.4 நியூட்டன் மீட்டர், அதாவது எக்ஸ்.எல்லைப் போல இரண்டு மடங்கு. அது முழுதாகக் கைக்கு வருவதோ 6500 சுற்றில். 11 குதிரைத்திறன் என்று போட்டிருப்பது 7500 சுற்றில் கிடைப்பது. வைத்திக்குப்பத்தில் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஆளுமாக எக்ஸ்.எல். மணலில் இருந்து ரோட்டுக்கு ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுமை ஏற்றும் சக்தி எந்தச் சுற்றில் இருக்க வேண்டும் என்று. குதிரைத்திறன் என்பது இழுவையைச் சுற்றால் பெருக்கிய கணக்கு, அவ்வளவுதான். சுற்று கூடினால் எண் பெரிதாகத் தெரியும். மேடு அந்த எண்ணைக் கேட்பதில்லை.

புதுச்சேரிக்கும் டூ ஸ்ட்ரோக்குக்கும் உறவு பழையது. எங்கள் ஊர் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள், மோபிலெட் என்ற பெயரை வாயில் இனிப்பு வைத்திருப்பவர்களைப் போலத்தான் சொல்வார்கள். பிரான்ஸில் மோட்டோபெக்கான் கம்பெனி 1949இல் கொண்டுவந்த மொபெட் அது. அதே கம்பெனியின் உரிமம் பெற்று ஆந்திரத்தில் மொபெட்ஸ் இந்தியா செய்த சுவேகாவை இந்தப் பக்கத்து வாத்தியார்களும் போஸ்ட்மேன்களும் ஓட்டினார்கள். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1983இல் ராஜ்தூத் 350, 1985 கடைசியில் எஸ்கார்ட்ஸ் செய்த ஆர்.எக்ஸ். 100. நான் தொழில் கற்றது இந்த வண்டிகளின் மேல்தான். ராஜ்தூத் 350இல் இரண்டு வகை உண்டு. எச்.டி. என்றால் அதிக இழுவை, எல்.டி. என்றால் குறைந்த இழுவை. இரண்டும் ஒரே 347 சி.சி.தான். ஒன்று 30.5 குதிரைத்திறன், மற்றது 27. சி.சி. மாறாமலே குணம் மாறும் என்பதைக் கம்பெனியே இரண்டு எழுத்தில் எழுதி விற்றது.

எப்படி மாறுகிறது? அதற்கு இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. டூ ஸ்ட்ரோக்கில் தலைமேல் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே சன்னல் மாதிரித் துளைகள் இருக்கும். அவைதான் போர்ட்டுகள். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில் உள்ள கிராங்க் அறை விரிந்து, கார்புரேட்டரில் இருந்து ஆயில் கலந்த பெட்ரோல் ஆவியை உறிஞ்சுகிறது. மேலே தீப்பொறி. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகைப் போர்ட் திறந்து எரிந்த வாயு ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் பக்கப் போர்ட்டுகள் திறந்து, கிராங்க் அறையில் அமுங்கியிருந்த புது ஆவி மேலே பாய்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1890களின் தொடக்கத்தில் போட்ட வழி இது. இத்தனை வருஷத்தில் அடிப்படை மாறவில்லை.

இதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். புது ஆவி உள்ளே வரும் நேரத்தில் புகைப் போர்ட்டும் திறந்தே இருக்கிறது. வந்த ஆவி நேராக வெளியே ஓடிவிடலாம். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஓட நேரம் போதாது. மெதுவாகச் சுற்றும்போது நேரம் தாராளமாக இருக்கிறது. கீழ்ச்சுற்றில் டூ ஸ்ட்ரோக் இளைப்பதற்கு முதல் காரணம் இதுதான். புகைப் போர்ட்டின் மேல்விளிம்பை அரத்தால் ராவி உயர்த்துவதைத்தான் பையன்கள் போர்ட் வெட்டுவது என்கிறார்கள். உயர்த்தினால் அந்த ஓட்டை இன்னும் சீக்கிரம் திறந்து, இன்னும் தாமதமாக மூடும். மேல்சுற்றில் புகை தடங்கலின்றி வெளியேறும், வண்டி சீறும். கீழ்ச்சுற்றில் பெட்ரோல் சைலன்சர் வழியாக ரோட்டுக்குப் போகும்.

ஆர்.எக்ஸ். 100இல் பிஸ்டன் ஓட்டம் 50 மில்லிமீட்டர். புகைப் போர்ட் திறக்கும் உயரத்தில் கிராங்க் ஒரு டிகிரி திரும்பினால் பிஸ்டன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். ஆகவே போர்ட்டை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலே அது திறந்திருக்கும் காலம் நாலரை டிகிரி போலக் கூடிவிடுகிறது. கண்ணால் பார்த்து, கையால் ராவி, "கொஞ்சமா எடுத்துவிட்டேன்" என்று சொல்கிற கொஞ்சம் எவ்வளவு என்று யோசியுங்கள். வெட்டிய இரும்பை ஒட்ட வைக்கவும் முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வரும்வரை தெற்கத்திப் பட்டறைக்காரர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஓடுதளம் என்றால் நீளமாக, சமமாக இருக்கும். அங்கே ஜெயிக்க மேல்சுற்றுச் சக்தி வேண்டும். போர்ட் வெட்டுவது, கிராங்க் முனையில் சுழலும் மேக்னட்டைக் கடைந்து எடை குறைப்பது, பெரிய கார்புரேட்டர் எல்லாமே அங்கே பலன் தந்த வித்தைகள். வித்தை ஊர் ஊராகப் பரவியது. எந்த இடத்துக்கான வித்தை என்பது மட்டும் கூட வரவில்லை.

சரி, மேடேற என்ன செய்ய வேண்டும்? புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், இழந்ததைத் திரும்ப எடுக்க வேண்டும். முப்பது வயது தாண்டிய வண்டியில் பாதி இழுவை அழுக்கிலும் கசிவிலும் போய்க்கொண்டிருக்கும். ஸ்பீட் பார்ட்ஸ் கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வியாபாரம் ஆகாது.

முதலில் ரீட் வால்வு. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் கொண்ட ஒருவழிக் கதவு இருக்கிறது. பிஸ்டன் உறிஞ்சும்போது திறக்கும், கீழே இறங்கி அமுக்கும்போது மூடிக்கொள்ளும். தகட்டின் முனை உடைந்திருந்தாலோ வளைந்து நின்றாலோ உறிஞ்சிய ஆவி திரும்பி கார்புரேட்டருக்கே வரும். மேல்சுற்றில் இது அவ்வளவாகத் தெரியாது, ஆவி திரும்பி ஓட நேரம் போதாத வேகம் அது. கீழ்ச்சுற்றில்தான் குட்டு வெளிப்படும். ஏர் பில்ட்டரைக் கழற்றிப் பாருங்கள், பெட்ரோல் ஈரமும் ஆயில் பிசுக்கும் இருந்தால் சந்தேகம் உறுதி. ரீட் கட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாது. இரும்புத் தகட்டுக்குப் பதில் பைபர் தகடு போடுகிறார்கள். அது இலேசானது, குறைந்த உறிஞ்சலிலேயே திறக்கும், உடைந்து உள்ளே விழுந்தாலும் பிஸ்டனைக் கீறாது. காசு கொடுத்து மாற்றுவதில் நான் தயங்காமல் சரி என்று சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்குக்குக் கிராங்க் அறைதான் பம்பு. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். சீல் ரப்பர் காய்ந்து விட்டால், இடதுபக்கம் மேக்னட் வழியாக வெளிக்காற்று நுழைந்து கலவை மெலிந்துவிடும். வலதுபக்கம் கிளட்ச் அறையில் இருந்து கியர் ஆயிலை உறிஞ்சி, வெள்ளைப் புகையாகத் தள்ளும். கியர் ஆயில் காரணமில்லாமல் குறைகிறது என்றால் தேடிப் போக வேண்டிய இடம் அதுதான். இதிலும் மெதுவாகச் சுற்றும்போதுதான் கசிவுக்கு அவகாசம் அதிகம், ஆகவே இழப்பு கீழ்ச்சுற்றில்தான் பெரிது. பிஸ்டன் ரிங் தேய்மானத்துக்கும் இதே கணக்கு. கிக்கரைக் கையால் அமுக்கினால் இறங்குகிற வண்டியை மேட்டுக்குக் கொண்டு போகவே கூடாது.

மூன்றாவது கரி. ஆயில் எரிந்து புகைப் போர்ட்டின் வாயிலும் சைலன்சருக்குள்ளும் கெட்டியாகப் படிந்திருக்கும். போர்ட் வாயைக் கழற்றிப் பார்த்தால் துளை குறுகியிருப்பது கண்ணுக்கே தெரியும். பிஸ்டனை அடியில் நிறுத்தி, மூங்கில் சிம்பால் சுரண்ட வேண்டும். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் சிலிண்டர் சுவரில் கோடு விழும். சைலன்சரின் உள்குழாயை உருவி, நெருப்பில் சுட்டு, தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, மறுபடியும் உள்ளேயே போட வேண்டும். மறுபடியும் போட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு செய்ய வேண்டிய முதல் மாற்றம் பல் சக்கரம். இதைவிட மலிவான வழி கிடையாது. முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 போடுங்கள். எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும். அதே அளவு உச்ச வேகம் குறையும். பின்னால் பெரிய ஸ்பிராக்கெட் போட்டும் இதைச் செய்யலாம், அதற்குச் செயினின் நீளத்தையும் கூட்ட வேண்டும். ஆர்.எக்ஸ். 100க்கு நாலே கியர். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டு மேட்டில் திணறுகிறவர்களுக்கு இந்த ஒரு பல் போதும் என்பது என் அனுபவம். இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஆனால் ஒரு பல்லை மாற்றிக்கொண்டு போய் நண்பர்களிடம் பெருமை பேச முடியாதே, அதனால் பையன்களுக்கு இதில் ஆர்வம் குறைவு.

இன்ஜினைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், வெட்டாமல் தொடுங்கள். சிலிண்டருக்கு அடியில் ஒரு பேக்கிங் இருக்கிறது. அதை மெல்லியதாகப் போட்டால் சிலிண்டர் முழுவதும் கீழே இறங்கும், அதனுடன் புகைப் போர்ட்டும் இறங்கும், கொஞ்சம் தாமதமாகத் திறந்து கொஞ்சம் முன்னதாக மூடும். கூடவே பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடமும் குறையும். ஆர்.எக்ஸ். 100இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர், பிஸ்டன் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் இறக்கினால் எரி அறையில் அரை சி.சி.க்கு மேல் குறைகிறது. அறை சிறுத்தால் ஆவி இறுக அமுங்கும், கம்ப்ரஷன் ஏறும், கீழ்ச்சுற்றில் வெடி பலமாகும். ஒரு பேக்கிங்கில் இரண்டு பலன். ரோட்டில் பறக்க நினைக்கிறவர்கள் இதற்கு நேர்மாறாக இரண்டு பேக்கிங் போட்டுச் சிலிண்டரைத் தூக்குவார்கள். அப்படித் தூக்கிய வண்டியை மேடேற்ற வேண்டுமென்று என்னிடம் கொண்டு வந்தால், அதிகப்படியான பேக்கிங்கை எடுப்பதே பாதி வேலை.

ஆனால் கண்மூடி இறக்கக் கூடாது. மேலே பிஸ்டனுக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்தாக வேண்டும். மெல்லிய ஈயக்கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் ஓரம்வரை நுழைத்து, பிஸ்டனை மேலே கொண்டு வந்தால் கம்பி நசுங்கும். நசுங்கிய இடத்தைக் காலிப்பரால் அளந்தால் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. 0.8க்குக் கீழே நான் போக மாட்டேன். சூட்டில் கனெக்டிங் ராடு நீளும், பழைய பேரிங்கில் ஆட்டம் இருக்கும், பிஸ்டன் ஹெட்டை முட்டினால் சத்தம் கேட்கும் முன்னே காரியம் முடிந்திருக்கும்.

ஏற்கெனவே போர்ட் வெட்டியவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. சிலிண்டரின் அடிப்பகுதியை லேத்தில் பிடித்து அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கடைந்து இறக்கலாம். இறக்கிய அளவுக்கு ஹெட்டையும் உள்ளே குடைய வேண்டும், இல்லையென்றால் முட்டும். இந்த வேலைக்கு லேத்காரர் கை சுத்தமாக இருக்க வேண்டும். ரொம்ப வெட்டியிருந்தால் வேறு சிலிண்டர் தேடுவதே மேல்.

இப்போது சைலன்சர். நான் அதிகம் வாதாடுவது இதற்காகத்தான்.

புகைப் போர்ட் திறக்கும்போது புகை மட்டும் போவதில்லை, ஓர் அழுத்த அலையும் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரிகிற இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்து, புது ஆவிக்கு இடம் செய்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதிய அலை, கிணற்றில் கூப்பிட்ட குரல் திரும்பி வருவது போலத் திரும்பி வந்து, வெளியே வழிந்த புது ஆவியைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. தள்ளி முடிக்கவும் பிஸ்டன் போர்ட்டை மூடவும் சரியாக இருக்க வேண்டும். வால்வு இல்லாத இன்ஜினுக்கு இந்த அலையே வால்வு.

அலை ஓடும் வேகம் குழாயின் சூட்டைப் பொறுத்தது. நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடக் கணக்கிலேயே நீளம் கிடைத்துவிடும். போர்ட் 170 டிகிரி திறந்திருக்கும் இன்ஜினுக்கு 8000 சுற்றில் அலை சரியான நேரத்தில் திரும்ப வேண்டுமானால், பிஸ்டனில் இருந்து குழாய் குறுகும் இடத்தின் நடுப்பகுதி வரை 90 சென்டிமீட்டர் போல இருக்க வேண்டும். அதுவே 6000 சுற்றில் வேண்டுமானால் 120 சென்டிமீட்டர் ஆகிறது. கீழிழுவை வேண்டுமென்றால் குழாய் நீளமாக வேண்டும், விரிவும் குறுகலும் நிதானமாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் வாங்கி மாட்டுகிற குட்டைப் பந்தயக் குழாயும் உள்குழாய் இல்லாத வெறும் சைலன்சரும் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகின்றன. கம்பெனி சைலன்சருக்குள்ளும் இந்தக் கணக்கு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். சத்தம் கூடுவதை இழுவை கூடியதாகக் காது எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

இந்த அலையைப் பிடித்துக் கட்டியவரின் கதை சினிமாவாக எடுக்கத் தக்கது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்ட்டர் காடன் என்ற எஞ்சினியர், கையில் காசில்லாத பட்டறையில், 1961 வாக்கில் 125 சி.சி. இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். சூப்பர்சார்ஜர் இல்லாமல் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் தொட்ட முதல் இன்ஜின் என்று அதைச் சொல்வார்கள். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் அதே ஆண்டு சுவீடன் பந்தயத்துக்குப் போனவர் நாடு திரும்பவில்லை. ரகசியங்களோடு சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தார். 1962இல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகி வண்டியில் டெக்னருக்கு. அந்தச் சுசுகியோடு கைகோத்து ஓசூரில் 1984இல் டி.வி.எஸ். கொண்டுவந்ததுதான் ஏ.எக்ஸ். 100. கடைசியில் தொண்ணூறுகளில் அதே கூட்டணி 14 குதிரைத்திறன் ஷோகனைத் தந்தபோது, அதன் சைலன்சர் சத்தத்தைக் கேட்டே தெருமுனையில் யார் வருகிறார் என்று சொல்வோம். காடனின் பெயர் தெரியாமலே அவருடைய கணக்கை ரசித்திருக்கிறோம்.

மேலேயும் கீழேயும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. புகைப் போர்ட்டின் மேல்விளிம்பையே நகரும் கதவாக வைப்பது. கீழ்ச்சுற்றில் கதவு இறங்கி போர்ட் தாழ்ந்திருக்கும், சுற்று ஏற ஏறக் கதவு உயரும். யமாஹா இதை எழுபதுகளின் இறுதியில் பந்தய வண்டிகளில் கொண்டுவந்தது. இன்றைக்குக் காட்டுப் பந்தயத்துக்கு வரும் 250, 300 சி.சி. டூ ஸ்ட்ரோக் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. டி.வி.எஸ். 2015இல் டாக்கார் பந்தயத்துக்காகக் கூட்டுச் சேர்ந்த பிரான்ஸின் ஷெர்கோவும் அப்படிப்பட்ட வண்டிகள் செய்கிற கம்பெனிதான். டாக்காருக்கு அவர்கள் எடுத்துப்போனது நான்கு ஸ்ட்ரோக் 450. நம் ஆர்.எக்ஸில் அந்தக் கதவு கிடையாது. ஆகவே ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மேக்னட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைந்து எடை குறைக்காதீர்கள். கனமான மேக்னட் சக்தி எதையும் கூட்டாது. ஆனால் வேரிலோ கல்லிலோ சக்கரம் முட்டும் கணத்தில் இன்ஜின் நின்றுபோகாமல் இழுத்துக்கொண்டு போவது அதன் கனம்தான். ஏற்கெனவே கடைந்தது என்றால் பழைய கடையில் முழு மேக்னட் தேடுங்கள்.

கார்புரேட்டரில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று அளவு. வாய் பெரிதானால் கீழ்ச்சுற்றில் காற்று மந்தமாகப் போகும், பெட்ரோல் தூளாகாமல் துளியாக விழும். கம்பெனி அளவே போதும். மற்றது, எதற்கெடுத்தாலும் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை மாற்றுவது. மெயின் ஜெட் வேலை செய்வது முறுக்கை முக்கால்வாசிக்கு மேல் திறந்தால்தான். செம்மண் மேட்டில் யார் முழு முறுக்குக் கொடுக்கிறார்கள்? எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும், கால்வாசி வரை ஸ்லைடின் வெட்டு, அதன் பிறகு முக்கால் வரை ஊசி. திணறுவது எந்த முறுக்கில் என்று கிரிப்பில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஏர் ஸ்குரூவைக் கால் திருப்பு திருப்பியதிலேயே வண்டி தெளிந்துவிடும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. மெலிந்தால் சூடு. டூ ஸ்ட்ரோக்கில் சூடு என்றால் பிஸ்டன் சீஸ் ஆவது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு என்று தமிழ்நாட்டு எல்லைப் பையன்கள் டேங்கை நிரப்பிக்கொண்டு போய் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கிறார்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் தங்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். ஓட்டாத வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களில் இருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சைலன்சர் சத்தத்துக்குத் தனி அபராதம் உண்டு. ஓட்டும் இடத்தையும் யோசிக்க வேண்டும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். ஆரோவில்காரர்கள் 1968இல் வந்தபோது மொட்டை மேடாகக் கிடந்த நிலத்தில், மழைநீர் ஓடாமல் வரப்புப் போட்டு, கன்று நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். அந்த வரப்புகளின் மேல் வண்டி ஏற்றி உடைப்பவர்களின் வேலையை நான் எடுப்பதில்லை. தெரிந்தவர் நிலத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள். இதிலும் உள்குழாய் இருக்கிற சைலன்சர் உங்களுக்கு உதவும், கேட்ட இடத்தில் மறுபடி விடுவார்கள்.

கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜின் மேட்டில் மெதுவாக ஏறும்போது ஒரு சிக்கல் உண்டு. ஆர்.எக்ஸ். காற்றில் குளிரும் இன்ஜின். ரோட்டில் எதிர்க்காற்று கிடைக்கிறது, ஓடைக்குள் கிடைப்பதில்லை. மேலே ஏறிய கையோடு அடுத்த மேட்டுக்குத் திருப்பாமல் கொஞ்சம் நிறுத்துங்கள். பிளக் ஸ்பேனர் கையில் இருக்கட்டும். சூடு தணிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் கலவை தடிமன், இழுவை கொஞ்சம் போகும், ஆபத்து இல்லை. வெளுத்துப் போயிருந்தால் கலவை மெலிவு. அன்றைக்கு மேடு அவ்வளவுதான், வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்து, ரீட் கட்டை பேக்கிங்கில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, ஊசியை ஒரு காடி உயர்த்திப் போட்ட பிறகுதான் அடுத்த ஞாயிறு.